உட்காரும் உத்தியோகம்

பெரம்பலூர் தாலுகாவில் நாற்காலிக்குப் பஞ்சம் இருக்கிறது என்பதைப் பம்பாயில் இருக்கிற ஒரு கம்பெனி எப்படிக் கண்டுபிடித்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சு போடச் சொல்லி எட்டு வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்த ஊர் இது. அந்த மனுக்கள் பக்கத்துத் தெரு ஆபீசைத் தாண்டியதாகவே தகவல் இல்லை. அப்படியிருக்க, 1983-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு நாள் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு விளம்பரம் வந்தது. அகில பாரத சுகாசனா பர்னிச்சர் கம்பெனி, தேசம் முழுவதும் கிளை பரப்பும் மகத்தான திட்டத்தின்படி, தனது நூறாவது கிளையைப் பெரம்பலூரில் திறக்கிறது. இருநூறு பேருக்கு வேலை. நாற்காலி என்ன விலை என்று மட்டும் விளம்பரத்தில் எங்கும் போடவில்லை.

கிளைக்காகப் பிடித்த இடம் பழைய கடலை மண்டி. ஐம்பது சாமான் வைத்தால் நிறைந்துவிடும். அதில் இருநூறு பேருக்கு என்ன வேலை என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். திறப்பு விழாவில், பம்பாயிலிருந்து சபாரி சூட்டோடு வந்திருந்த தேசிய விரிவாக்க அதிகாரி அதற்குப் பதில் சொன்னார். சொந்த ஊர் மெட்ராஸ் பக்கம் என்பதால் மேடைத் தமிழ் அவருக்கு நன்றாகவே வந்தது.

“மற்ற கம்பெனிகள் நாற்காலி விற்கின்றன. நாங்கள் வேலை கொடுக்கிறோம். நாற்காலி அதற்கு ஒரு சாக்கு. ஒரு நாற்காலிக்கு நான்கு கால்கள். ஒரு காலுக்கு ஒரு குடும்பம் என்று கணக்குப் பாருங்கள். ஐம்பது சாமான், இருநூறு குடும்பம். ஆகவே ஒரு நாற்காலி விற்றுப்போனால் நான்கு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்பதை வாடிக்கையாளப் பெருமக்கள் மனத்தில் வைத்து நடந்துகொள்ள வேண்டும்.”

பெருமக்கள் கை தட்டினார்கள். இந்தக் கொள்கையின்படி, சரக்கோடு தவறுதலாக வந்துவிட்ட முக்காலி ஒன்று, பின்தங்கிய மக்களில் ஒருவருடைய வேலையைப் பறிப்பதாகக் கூறி அன்று மாலையே லாரியேற்றித் திருப்பி அனுப்பப்பட்டது.

வேலைக்கு மனுப் போட்டவர்களில் அரியமுத்துவும் ஒருவன். ரெட்டிபாளையம் பக்கத்தில் சிமெண்ட் பேக்டரிக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியில் பதினோரு வருஷம் கல் சுமந்தவன். அவன் அப்பன் பண்ணையில் ஏர் ஓட்டினான். அப்பனுக்கு அப்பனும் அதே பண்ணையில் அதே வேலைதான். குடும்பத்தில் முதல்முதலாகப் பண்ணையை விட்டு வெளியே வந்தவன் அரியமுத்து. வந்து கல்லைச் சுமந்ததில் முப்பத்தைந்து வயதிலேயே இடுப்பு போய்விட்டது. இனிமேல் பாரம் தூக்கினால் படுக்கைதான், உட்கார்ந்து பார்க்கிற வேலையாகத் தேடிக்கொள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலையை எந்தக் கடையில் வாங்குவது என்று அவர் சீட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். மனைவி கொளஞ்சியம்மாள் களை வெட்டிக் கொண்டுவருவதில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நேர்முகத் தேர்வு அறையில் ஒரு மேஜை, அதற்குப் பின்னால் விரிவாக்க அதிகாரியும் கிளை மேலாளர் குருநாதனும், எதிரே ஒரு காலி நாற்காலி. உள்ளே வந்தவர்களை உட்காரச் சொன்னார்கள். பி.ஏ. படித்தவர்கள் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. காரர்கள் சொன்ன பிறகு நுனியில் உட்கார்ந்தார்கள். அரியமுத்து, “பரவால்லீங்க” என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எடுபடாமல் போய்விட்டது என்று அவனுக்கே அப்போது தெரிந்துவிட்டது.

ஆனால் அதிகாரி எழுந்து வந்து அவனைச் சுற்றிப் பார்த்தார். இந்த மனிதரைத்தான் கம்பெனி இவ்வளவு நாளாகத் தேடிக்கொண்டிருந்தது என்றார். முன் அனுபவத்தால் கெட்டுப்போகாத உடம்பு. இவர் நாற்காலியில் உட்காருவதைப் பார்த்தால் தாலுகாவே உட்காரும். அங்கேயே உத்தரவு அடித்துக் கொடுத்தார்கள். பதினேழாம் நம்பர் நாற்காலிக்கு ‘அமர்வு விளக்குநர்’. மாதம் முந்நூறு ரூபாய், ஒரு நீலக் கோட்டு. தொண்ணூறு நாள் ஒழுங்காக உட்கார்ந்து காட்டினால் வேலை நிரந்தரம்.

அரியமுத்து அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து கொளஞ்சியம்மாளிடம் கொடுத்தான். எழுத்து தெரியாவிட்டாலும் அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். உட்காருவதற்குச் சம்பளமா என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு, டாக்டர் சொன்னதையும் கம்பெனி சொன்னதையும் சேர்த்து யோசித்து, மாரியாத்தாள்தான் இதைப் பம்பாயிலிருந்து அனுப்பியிருக்கிறாள் என்ற முடிவுக்கு வந்தாள்.

ஒரு நாற்காலிக்கு நான்கு பேர் என்றால் நான்கு பேருக்கும் வேலை இருந்தது. விளக்குநர் உட்காருவார். துடைப்பாளர் அவர் எழுந்ததும் துடைப்பார். பதிவாளர் அவர் உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் நோட்டில் எழுதுவார். மேற்பார்வையாளர் இதெல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பார். பதினேழாம் நம்பரின் பதிவாளர் தங்கராசு, கையெழுத்து அழகான பையன், கணக்கில் பி.எஸ்.சி. முடித்து ஆறு வருஷம் சும்மா இருந்தவன். கட்டிலுக்கு நியமிக்கப்பட்ட ராசாங்கம்தான் எல்லோரையும்விடக் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தார். காலையில் படுத்தால் மாலையில்தான் கண் விழிப்பார். கிளையிலேயே ஒரு மெமோகூட வாங்காதவர் அவர் ஒருவர்தான்.

ஐம்பது சாமானும் இருநூறு சிப்பந்திகளும் உள்ளே போன பிறகு வாடிக்கையாளர் நுழைய இடமில்லை. அவர்கள் தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

அரியமுத்துவுக்கு வந்த கஷ்டம் வேறு. உட்காருவதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். எழுந்திருக்காமல் இருப்பதுதான் வரவில்லை. ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தால் போதும், உடம்பு தானாக எழுந்துவிடும், கை தானாகத் துண்டை இடுப்புக்கு இறக்கிவிடும். மூன்று தலைமுறையாக எழுந்து எழுந்து பழகிய உடம்பை முந்நூறு ரூபாய்க்காக ஒரே வாரத்தில் மாற்று என்றால் அது என்ன செய்யும்? எதிரே நின்று பார்த்தவர்கள், நமக்குத்தான் இடம் விடுகிறார் என்று நினைத்து உள்ளே வந்து உட்காரப் பார்த்தார்கள். முதல் நாள் அறுபத்தோரு தடவை எழுந்ததாகத் தங்கராசு அழகான கையெழுத்தில் எழுதிவைத்தான்.

பதினோராவது விதியின்படி, மூன்று நாள் முன்னதாக எழுத்து மூலம் அனுமதி பெறாமல் எழுந்திருப்பது குற்றம். மூன்று மெமோ ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் வாரத்திலேயே அரியமுத்துவுக்கு இரண்டு வந்துவிட்டன. குருநாதன் நல்ல மனுஷன். கூப்பிட்டு வைத்துப் பொறுமையாகத்தான் விளக்கினார். சர்க்கார் உத்தியோகத்தில் எத்தனையோ பேர் முப்பது வருஷம் எழுந்திருக்காமலேயே ஓய்வு பெற்றிருக்கிறார்கள், உனக்குத் தொண்ணூறு நாள் முடியவில்லையா என்று வருத்தப்பட்டார்.

இன்னும் ஒரு மெமோ வந்தால் மறுபடி கல்லுக்குழிதான். அன்று வீட்டில் அரியமுத்து சாப்பிடவில்லை. கொளஞ்சியம்மாள் விஷயத்தை முழுவதும் கேட்டாள்.

“ஏந்திரிக்கிறது யாரு, நீயா ஒன் ஒடம்பா?” என்றாள்.

“ஒடம்புதான். நான் எங்க ஏந்திரிச்சேன்.”

“அப்ப அதைக் கட்டிப் போட்டுட வேண்டியதுதான்.”

மறுநாள் முதல் அவன் துண்டைத் தோளில் போடவில்லை. கோட்டுக்கு உள்ளே இடுப்பைச் சுற்றி, நாற்காலியின் முதுகுச் சட்டத்தோடு சேர்த்து இறுக்க முடிச்சுப் போட்டுக்கொண்டான். இடுப்பு வலிக்குக்கூட அது இதமாக இருந்தது. நான்கு நாள் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாள், அவன் அப்பன் ஏர் ஓட்டிய பண்ணையின் சொந்தக்காரர், நம்ம ஊர்ப் பயல் ஒருவன் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறானாமே என்று பார்ப்பதற்காகவே பஸ் ஏறி வந்தார். ஜன்னலில் அவர் முகம் தெரிந்ததும் அரியமுத்து எழுந்தான். நாற்காலியும் அவனோடு எழுந்தது. முதுகில் நாற்காலியோடு, பாதி குனிந்த வாக்கில், அவன் கும்பிட்டான்.

தங்கராசுவின் பேனா நின்றுவிட்டது. எழுந்தார் என்று எழுதுவதா, இல்லையா? கால் தரையில் ஊன்றியிருக்கிறது, ஆனால் ஆசனத்தைப் பிரியவில்லை. மேற்பார்வையாளரைக் கேட்டான். அவர் குருநாதனைக் கேட்டார். குருநாதன் பம்பாய்க்குத் தந்தி கொடுத்தார். பதில் வருகிற வரைக்கும் அரியமுத்து அதே நிலையில் இருக்க வேண்டும் என்று முதலில் உத்தரவானது; பிறகு இரக்கப்பட்டு அவனை இறங்க விட்டார்கள். எட்டாம் நாள் தலைமை அலுவலகம் தீர்ப்புச் சொன்னது. ஆசனத்துக்கும் சிப்பந்திக்கும் உள்ள தொடர்பு அறுபடாத வரையில் அவர் அமர்ந்திருப்பதாகவே கொள்ளப்படும். நின்றாலும் சரி, நடந்தாலும் சரி.

அதற்குப் பிறகு வண்டி நன்றாக ஓடியது. அரியமுத்து நாற்காலியோடு எழுந்தான், நாற்காலியோடு கும்பிட்டான், மத்தியானம் நாற்காலியோடு போய் டீ குடித்துவிட்டு வந்தான். ஒரு தடவைகூட எழுந்ததாகப் பதிவாகவில்லை.

எழுபத்து நான்காம் நாள் ஒரு விபரீதம் நடந்தது. லப்பைக்குடிக்காட்டுக் காதர்மைதீன் பாய் நாற்காலி வாங்க வந்துவிட்டார். மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பியிருந்தான். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் போட வீட்டில் ஒரு நல்ல நாற்காலியாவது வேண்டாமா என்று நேரே பதினேழாம் நம்பருக்கு முன்னால் வந்து நின்றார். குருநாதனுக்கு வேர்த்துவிட்டது. கிளை திறந்து யாரும் எதையும் விலைக்குக் கேட்டதில்லை. நாற்காலி பார்க்கத்தான், தொட்டுப் பார்க்கலாம், வேண்டுமானால் பம்பாய்க்கு எழுதிப் போட்டால் பதினான்கு மாதத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் வரும் என்றெல்லாம் சொன்னார். பாய் ரொக்கத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

அரியமுத்து விரல் விட்டு எண்ணினான். இன்னும் பதினாறு நாள். பாயைத் தனியாகப் பார்த்து, இது நல்ல நாற்காலி இல்லை, இடுப்பு பிடிக்கும் என்று சொன்னான். நீ எத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறாய் என்று பாய் கேட்டார். சொன்னான். “எழுவத்து நாலு நாள் ஒரு மனுசனத் தாங்கியிருக்கு. மாஷா அல்லாஹ், இதவிட என்னா அத்தாட்சி வேணும்?” என்று பாய் அதையே உறுதி செய்துகொண்டார்.

மறுபடியும் பம்பாய்க்குத் தந்தி போனது. இந்தத் தடவை மறுநாளே பதில் வந்தது. அது விரிவாக்க அதிகாரியே யோசித்துக் கண்டுபிடித்த வழி. நாற்காலியை விற்கலாம். ஆனால் அதோடு சேர்ந்த நான்கு வேலையும் அதோடு போக வேண்டும். அப்போது வேலை குறைந்ததாக ஆகாது. நாற்காலி போய்ச் சேருகிற இடம் கம்பெனியின் புதிய கிளை ஆகும். இப்படியே வாடிக்கையாளர்கள் ஒத்துழைத்தால் ஐந்தே வருஷத்தில் இந்தியாவில் கிளை இல்லாத வீடே இருக்காது என்று தந்தி முடிந்திருந்தது.

அப்படித்தான் பதினேழாம் நம்பர் ஒரு டெம்போவில் ஏறியது. தொடர்பு அறுபடக்கூடாது என்பதால் அரியமுத்து அதில் உட்கார்ந்தபடியே போனான். பக்கத்தில் துடைப்பாளரும் பதிவாளரும் மேற்பார்வையாளரும் நின்றார்கள். வழியில் ஏதோ எலெக்‌ஷன் போலிருக்கிறது என்று நினைத்துச் சிலர் கையாட்டினார்கள். லப்பைக்குடிக்காட்டில் பாய் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “ஒரு நாற்காலி கேட்டேன், ஜமாஅத்தையே அனுப்பிட்டாங்களே” என்றார். ஆனாலும் வந்தவர்களை விரட்டுகிற குடும்பம் இல்லை அது. நான்கு பேருக்கும் மூன்று வேளை டீயும் மத்தியானம் சோறும் கிடைத்தன. பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும் கோரைப் பாயில்தான் உட்கார வேண்டியிருந்தது. நாற்காலியில் ஆள் இருந்தது.

தொண்ணூறாம் நாள் புதிய கிளையின் திறப்பு விழாவும் அரியமுத்துவின் நிரந்தர உத்தரவும் ஒன்றாக வைக்கப்பட்டன. கொளஞ்சியம்மாள் வேலைக்குப் போகாமல் பிள்ளைகளோடு வந்து வாசல் ஓரமாக நின்றாள். வேலை கொடுக்கிற பெரிய ஆபீசர் வருகிறார் என்று சுற்று வட்டாரத்தில் தண்டோரா போட்டிருந்தார்கள். வரதராஜன்பேட்டையிலிருந்துகூட ஆட்கள் மனுவோடு வந்திருந்தார்கள்.

விரிவாக்க அதிகாரி காரிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். அரியமுத்து இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பெரிய மனிதர் வந்து அவன் எழுந்திருக்கவில்லை.

அதிகாரிக்கு உட்கார இடமில்லை. பாய் நல்ல கோரைப் பாய் ஒன்றை விரித்துக் கொடுத்தார். தரையில் உட்காருவது கம்பெனியின் கொள்கைக்கு விரோதம் என்று அதிகாரி மறுத்துவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவரட்டுமா என்றார்கள். அது வேறு கம்பெனி நாற்காலி. ஆகவே அதிகாரியும் குருநாதனும் நின்றார்கள். அவர்களைப் பார்த்து எல்லோரும் நின்றார்கள். நடுவில் கோட்டு போட்ட ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

வாசலில் நின்ற கூட்டத்துக்கு வேறு என்ன தோன்றும்? இத்தனை பேரை நிற்க வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்தான் ஆபீசர். ஒருவர் வந்து அரியமுத்துவின் கழுத்தில் மாலையைப் போட்டார். அடுத்தவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். மனுக்கள் மடியில் வந்து விழத் தொடங்கின. அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்திரு, நான் உட்கார வேண்டும் என்று காதோரம் குனிந்து சொன்னார்.

அரியமுத்து தங்கராசுவைப் பார்த்தான். தங்கராசு நோட்டைத் திறந்து பேனாவோடு நின்றான். மூன்றாவது மெமோ. கல்லுக்குழி. இடுப்பு. வாசலில் பிள்ளைகள்.

“எழுத்துல குடுங்க சார்,” என்றான் அரியமுத்து. “மூணு நாள் முன்னாடி.”

அதிகாரி அவனையே பார்த்தார். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது. கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“பாருங்கள் இவரை. மூன்று மாதத்துக்கு முன்னால் தரையில் குந்தியிருந்தவர். இன்று நான் சொல்லியே எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். இதைவிடப் பெரிய வெற்றி கம்பெனிக்கு வேண்டுமா? இவருக்கு உட்காரத் தெரிந்துவிட்டது. எனவே இவருக்காக ஏற்பட்ட பதவியின் நோக்கம் இன்று பூர்த்தியாகிறது; பதவியும் பூர்த்தியாகிறது. பெரம்பலூர் கிளையின் மற்றப் பதவிகளும் அப்படியே. வேலையை உருவாக்குவது எங்கள் லட்சியம். உருவாக்கிய வேலையை வைத்துக்கொண்டிருப்பது லட்சியம் அல்ல, அது செலவு. அடுத்த மாதம் இன்னொரு பின்தங்கிய தாலுகாவில் இன்னும் இருநூறு வேலைகளை உருவாக்குவோம் என்று மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

இருநூறு என்பது மட்டும் கூட்டத்துக்குப் புரிந்தது. கை தட்டினார்கள். நின்றுகொண்டு பேசியவர் ஆபீசரின் குமாஸ்தா என்று நினைத்து அவருக்கு வழி விட்டார்கள். அவர் குருநாதனோடு காரில் ஏறினார்; குருநாதனின் பதவியும் பூர்த்தியானதை வழியில்தான் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. துடைப்பாளரும் மேற்பார்வையாளரும் பஸ்ஸுக்குப் போனார்கள். தங்கராசு நோட்டை என்ன செய்வது என்று தெரியாமல் பாயின் ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போனான்.

கொளஞ்சியம்மாளுக்கு மேடைத் தமிழ் புரியவில்லை. புருஷன் கழுத்தில் மாலை விழுந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அரியமுத்துவுக்குத் தாங்கவில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்தான். இப்போது எழுந்தால் கேட்பாரில்லை. ஆனால் கால் வரவில்லை. அதற்குள் பாப்பாயி என்கிற அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் மகனின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்.

“எம் பையனுக்கு ஒரு வேல போட்டுக் குடுங்கய்யா. எந்த வேலையா இருந்தாலும் பாப்பான்.”

“எனக்கே வேல இல்லம்மா,” என்றான் அரியமுத்து. “இப்பத்தான் போச்சு.”

பாப்பாயி கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய இடத்தில் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். புத்தகத்தை மற்ற மனுக்களின் மேல் வைத்தாள்.

“சரிங்கய்யா. நாங்க எப்ப வந்து பாக்கட்டும்?”

அவன் உண்மையைத்தான் சொன்னான். “திங்கக்கெழமையிலேருந்து ரெட்டிபாளையத்துல இருப்பேன். கல்லுக்குழியில.”

“சிமிட்டி பேக்டரிக்கே மாத்திட்டாங்களா,” என்று சொல்லி, பாப்பாயி அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.